பழைய ஒயிலை எங்க கொண்டே ஊத்துறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில மரண அறிவித்தல், அந்தியேட்டி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் பக்கம் பக்கமா வருது, வாகனம் வச்சிருக்கிற எங்களுக்கு மட்டும் ஒரு மூலையில கூட இடமில்லை, அதால இதை வாசகர் கடிதம் எண்டு போட்டு விட்டா புண்ணியமாப் போகும். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டத்தான் வேணுமெண்டா முன்பக்கத்தை வெட்டுங்கோ, கடைசிப் பக்கத்தில கை வச்சிடாதேங்கோ, நான் கேக்க வந்த விசயம் அங்கதான் கிடக்கு.

நான் விசுவமடுப் பக்கம். சண்டை முடிஞ்ச கையோட வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில கன வருசம் சாரதியா ஓடினனான், அவை திட்டம் முடிஞ்சு மூட்டை கட்டேக்க வெள்ளை ஜீப்புகளை ஏலத்தில விட்டவை, கனடாவில இருக்கிற தம்பி காசு போட நான் ஓடித் திரிஞ்ச அதே டொயோட்டா பிராடோவை நானே எடுத்தன். 120 மொடல், 2982 சிசி டீசல், வண் கேடி எண்டுவினம் அந்த எஞ்சினை. இப்ப கலியாண ஹயர், வெளிநாட்டுக்காரர் வந்தா கட்டுநாயக்கா ஹயர், அப்பிடி அதுதான் எங்கட சோறு. ஊரில கதை என்னெண்டா "உவருக்கென்ன, லக்சறி ஜீப்பெல்லே". ஓம் லக்சறிதான், தோல் சீற்று, பின்னுக்கும் ஏசி. ஆனா அந்த லக்சறி மேல இருக்கிற ஆளுக்கு, அடியில படுத்திருக்கிறவனுக்கு அது லொறி மாதிரித்தான். 2020 பங்குனியில இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து 2025 மாசி மட்டும் தனியாருக்கு வாகனம் இறக்க விடேல்ல, அந்தக் காலத்துக்குள்ள பழசுகளின்ர விலையும் சாமான் விலையும் எங்கயோ போட்டுது, கையில இருக்கிறதைக் காப்பாத்தாட்டி இன்னொண்டு எடுக்க ஏலாது எண்டது எனக்கு நல்லா விளங்கினது அப்பதான்.

சரி, ஏன் வீட்டில சேவிஸ் செய்யத் துவங்கினன் எண்டு சொல்லுறன். இடம் பேர் சொல்லேல்ல, ரவுண்பக்கம் ஒரு சேவிஸ் ஸ்ரேசன். ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் அங்கதான் விடுறனான், கழுவிப் பொலிஷ் போட்டு ரயருக்குக் கறுப்பு அடிச்சு புதுமாப்பிள்ளை மாதிரித்தான் திருப்பித் தருவினம். எனக்கு எப்பவோ ஒரு சந்தேகம். ஒரு தரம் விட முதல் மகளின்ர சிவப்புக் கியூற்றெக்ஸ் போத்திலை எடுத்து ஒயில் பில்ரரின்ர அடிப்பக்கத்தில, குனிஞ்சு பாத்தாலும் தெரியாத இடமா ஒரு பொட்டு வச்சுவிட்டன். பின்னேரம் ஜீப் வந்துது, பில்லில ஒயில் பில்ரர் எண்டு காசு போட்டிருக்கு, வீட்ட கொண்டந்து கைவிளக்கைப் பிடிச்சுப் பாத்தா பில்ரர் மண்ணெண்ணெயில கழுவினமாதிரிப் பளபளக்குது, அடியில என்ர பிள்ளையின்ர கியூற்றெக்ஸ் பொட்டு அப்பிடியே சிரிச்சுக்கொண்டு இருக்குது. சண்டைக்குப் போகேல்ல ஐயா. 40,000 ரூபாய்க்குக் கிட்ட குடுத்திட்டன், இனி வாங்கேலாது. அடுத்த 5,000க்கு நான் சேவிஸ் ஸ்ரேசனுக்குப் போகேல்ல, ஹாட்வெயார் கடைக்குப் போனன்.

முதல் நாள் பெரிய பகிடி. சீமெந்துத் தளம் எங்கட வீட்டில ஒண்டுதான் இருக்கு, அது நெல்லுக் காயப்போடுற தளம். அதில ஜீப்பை ஏத்தினதுதான் தாமதம், "இஞ்சாருங்கோ, அதில ஒரு சொட்டு ஊத்தினா இந்தமுறை நெல்லை உங்கட தலையிலதான் காயப்போடுவன்" எண்டு மனுசி நிண்டுது. பேந்து பழைய ஃபிளெக்ஸ் போர்ட் ஒண்டை, தேர்தலுக்குக் கட்டினது, தலைவற்ற முகம் கீழ்ப்பக்கமா வர விரிச்சுப்போட்டு (மேல்பக்கமா வந்தா ஒயில் ஊத்த மனம் வராது, சிலபேருக்கு வரும்) அதுக்கு மேலதான் வேலை.

ஒயில் மாத்துறது ஒரு பெரிய வித்தையே இல்லை, இதுக்கு ஜக் கூட அடிக்கத் தேவையில்லை, ஜீப்பின்ர உயரத்துக்கு அப்பிடியே முதுகில படுத்துப் பூந்து போகலாம். எஞ்சினை ஒரு பத்து நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டோணும், இளஞ்சூட்டிலதான் ஊத்தை எல்லாம் ஒயிலோட கலங்கி வெளியில வரும், கொதிக்கக் கொதிக்கக் கழட்டினா கை வெந்துபோம். கீழ்த்தகட்டைக் கழட்டினா சம்ப் பிளக், அதுதான் ஒயில் தொட்டியின்ர அடித் திருகு, தெரியும். அந்தப் பிளக்கில கடைசிப் புரி கழரேக்க உள்பக்கமா அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஒரே இழுவையா இழுக்கோணும், இல்லாட்டி ஒயில் முழங்கை வழிய வந்து சேட்டுக்குள்ள போகும், எனக்குப் போனது. சேவிஸ் ஸ்ரேசனில காத்துத் துவக்கால இறுக்கிறதால புரி தேஞ்சு போற பிளக்குகள் கன இருக்கு, என்ரயும் அரைவாசி தேஞ்சுதான் கிடந்தது. வாஷரைப் புதுசாப் போடோணும், புது பில்ரரின்ர றபர் வளையத்தில விரலால கொஞ்சம் ஒயில் தடவி கையாலதான் இறுக்கோணும், சாவி போட்டு முறுக்கினா அடுத்தமுறை கழட்டேக்க அழவேண்டி வரும். பில்ரரோட சேத்து 7 லீற்றர் அளவு பிடிக்கும், ஒரேயடியா ஊத்தாமல் ஆறரையில நிப்பாட்டி ஒயில் அளக்கிற கோலை இழுத்துப் பாத்துப் பாத்து விடுங்கோ. ஒண்டு சொல்லோணும், டீசல் எஞ்சினில புது ஒயில் ரெண்டு நாளில கறுத்துப் போகும், கரி கலக்கிறதால அது இயல்பு, கறுத்திட்டுது எண்டு பயந்து ஓடிப்போய் திருப்பி மாத்தின ஒரு மாஸ்டரை எனக்குத் தெரியும்.

டிப்பறன்சல், அதுதான் அச்சுக்கு நடுவில இருக்கிற பல்லுச் சில்லுப் பெட்டி, அதின்ர ஒயிலைத்தான் எங்கட ஆக்கள் மறந்து போறது. எஞ்சின் ஒயில் மாத்துவினம், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலயும் இருக்கிற கியர் ஒயிலைப் பத்து வருசம் போனாலும் தொடமாட்டினம். 2018 மார்கழி வெள்ளம் ஞாபகம் இருக்கும், இரணைமடு வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் தண்ணி நிண்டது, அப்ப நிவாரணம் ஏத்தி இறக்கவெண்டு நான் அச்சு முட்டின தண்ணிக்குள்ளால நாலைஞ்சு நாள் ஓடினனான். ஓடின சூட்டோட திடீரெண்டு குளிர் தண்ணிக்குள்ள இறங்கினா டிப்பறன்சலுக்குள்ள இருக்கிற காத்துச் சுருங்கும், மேல இருக்கிற காத்துக்குழாய் அடைச்சுக் கிடந்தா அது சீலுக்குள்ளால தண்ணியை இழுக்கும், ஒரு சத்தமும் கேக்காது. தைப்பொங்கலுக்குப் பிறகு பின் டிப்பறன்சலைக் கழட்டினன், வந்தது ஒயில் இல்லை ஐயா, கடையில ஆத்தி ஊத்துற பால்தேத்தண்ணி, அதே நிறம் அதே நுரை. விட்டிருந்தா பல்லுச் சில்லுகள் துரு ஏறி முடிஞ்சிருக்கும். இதில ஒரேயொரு சட்டம், மேல ஒயில் விடுற பிளக்கைக் கழட்டிப் பாத்த பிறகுதான் கீழ்ப் பிளக்கைத் தொடோணும். கீழதைக் கழட்டி எல்லாத்தையும் வடியவிட்டிட்டு மேலது இறுகிப்போய்க் கழராட்டி வாகனம் அந்த இடத்திலயே கிடக்கும், இழுத்துக்கொண்டுதான் போகோணும்.

அடுத்தது டீசல் பில்ரர். 2022இல எரிபொருள் தட்டுப்பாட்டுக்க வரிசையில நிண்டு, பங்கீட்டுக் கியூஆர் காட்டி, அதுவும் காணாமல் கானில வித்த டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி விட்டனாங்கள் எல்லாரும், நானும்தான். மாங்குளம் தாண்டேக்க டாஷ்போர்ட்டில பில்ரர் லைற் எரிஞ்சுது. அது பில்ரருக்குள்ள தண்ணி நிரம்பீற்றுது எண்டு சொல்லுற லைற், கனபேர் அதைக் கணக்கெடுக்கிறேல்ல. பில்ரருக்கு அடியில ஒரு சின்னத் திருகு இருக்கு, அதைத் தளத்தி மேல இருக்கிற கைப்பம்பை அமத்த அமத்தத் தண்ணி வரும், சுத்த டீசல் வரும் மட்டும் விட்டிட்டு இறுக்கினாச் சரி. நான் அண்டைக்கு ஏ9 கரையில குந்தியிருந்து பிளாஸ்ரிக் கோப்பையில பிடிச்சன், அரைக் கோப்பை தண்ணி. பொருளாதாரத் தடைக் காலத்தில ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம் நாங்கள், எதை விட்டாலும் ஓடும் எண்ட நினைப்பு இன்னும் போகேல்ல, ஆனா உந்தக் கொமன் றெயில் எஞ்சினில அந்தக் கெட்டித்தனம் காட்டேலாது, 1,000 பாருக்கு மேல அழுத்தத்தில டீசலைப் பீச்சுற இன்ஜெக்ரருக்கு ஒரு துளி தண்ணியே நஞ்சு. அதே அழுத்தத்தாலதான் எஞ்சின் ஓடேக்க இன்ஜெக்ரருக்குப் போற இரும்புக் குழாய்களைத் தளத்தக் கூடாது எண்டுறது, பீச்சி அடிச்சாத் தோலைத் துளைச்சுக்கொண்டு உள்ளுக்க போகும்.

காத்துப் பில்ரருக்குக் கனக்கச் சொல்லத் தேவையில்லை, எங்கட கிறவல் றோட்டுப் புழுதிக்குப் புத்தகத்தில இருக்கிற கணக்குச் சரிவராது, மாசத்துக்கு ஒருக்காக் கழட்டி உள்பக்கத்தில இருந்து வெளிப்பக்கமாக் காத்து அடியுங்கோ. டிப்பறன்சலுக்குச் சுத்தைக் கொண்டுபோற புறப்பெலர் சாஃப்றில கிறீஸ் நிப்பிள்கள் இருக்கு, கிறீஸ் துவக்கு ஒண்டு வேண்டி வச்சிருங்கோ, அவ்வளவுதான்.

சில்லுக் கழட்டிற வேலைக்கு மட்டும் கவனம். வெறும் ஜக்கை நம்பி ஒருத்தரும் அடியில போகாதேங்கோ, எங்கட மண்ணில ஜக் தாழும், சரியும். நான் ஜக்குக்குக் கீழ பலகை போடுவன், ஜீப்பின்ர அடிச்சட்டத்துக்குக் கீழ பாலைமரக் குத்தி ரெண்டு வைப்பன், அதுக்குப் பிறகு ஜீப்பை ஒருக்கா உலுப்பிப் பாத்திட்டுத்தான் தலையை உள்ளுக்க குடுப்பன்.

வீட்டில செய்யாத வேலையும் இருக்கு. ரைமிங் பெல்ற், 150,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தோணும், அறுந்தா எஞ்சின் போச்சு. மற்றது இன்ஜெக்ரருக்குக் கீழ இருக்கிற செப்பு வாஷர், இந்த எஞ்சினில உலகம் முழுக்க அறிஞ்ச வருத்தம் அது, வாஷர் கசிஞ்சாக் கரி ஒயிலுக்குள்ள இறங்கிச் சம்புக்குள்ள இருக்கிற வலையை அடைக்கும், பிறகு ஒயில் மேல ஏறாது. அதெல்லாம் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டத்தான், பக்கத்தில கதிரை போட்டுக் குந்தியிருந்து செய்விக்கிறன்.

இனித்தான் ஐயா விசயம். கழட்டின ஒயிலை என்ன செய்யிறது?

எனக்கு மட்டும் வருசத்துக்கு நாலு சேவிஸ், 28 லீற்றர். அயலில உழவு இயந்திரம், லாண்ட் மாஸ்ரர், ரிப்பர் எல்லாம் வீட்டு வாசலிலதான் ஒயில் மாத்துது, பிராடோ வச்சிருக்கிறவன் மட்டும் இல்லை. முந்தி வேலிக் கதியாலுக்கும் கொட்டில் கப்புக்கும் கறையான் வராமல் பூசவெண்டு பக்கத்து வீட்டு அண்ணை போத்திலோட வருவார், நானும் சந்தோசமாக் குடுத்துவிடுவன், மிச்சத்தைக் கொட்டிலுக்குப் பின்னால ஊத்தினதும் நான்தான், பொய் சொல்லேல்ல. ரெண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசி முதல் மழைக்குக் கொட்டிலுக்குப் பின்னால இருந்து தண்ணி ஓடி வருது, மேல நீலமும் ஊதாவுமா ஒரு படலம், வடிவாத்தான் இருக்கு, என்ர சின்னவன் "அப்பா வானவில்" எண்டு கத்திறான், அது நேர கிணத்துக் கட்டுப் பக்கமாப் போகுது. மம்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வரம்பு கட்டினன். அந்தக் கிணத்தில இருந்துதான் குடிக்கிறம், மிளகாய்க் கண்டுக்கும் இறைக்கிறம். சுன்னாகப் பக்கம் கிணறுகளில கழிவு ஒயில் எண்டு சனம் பட்ட பாட்டை உங்கட பேப்பரிலதானே படம் போட்டு எழுதினியள், அது பெரிய இடத்தில இருந்து வந்தது எண்டு நாங்கள் வாசிச்சுப்போட்டு மடிச்சு வச்சிட்டம்.

அண்டையில இருந்து கானிலதான் ஊத்தி வைக்கிறன், 20 லீற்றர்க் கான். பழைய ஒயில் வேண்டுற ஆக்கள் இருக்கினம், ஆனா அவை கராச்சுகளுக்குத்தான் வருவினம், பரல் கணக்கில எண்டாத்தான் எடுப்பினம், என்ர கானுக்காக விசுவமடு வர டீசல் காசு கட்டாது எண்டுட்டினம், அதுவும் நியாயம்தான். நான் விட்டிட்டு வந்த சேவிஸ் ஸ்ரேசனில கேக்க மனம் வரேல்ல, வேற ரெண்டு இடத்தில கேட்டன், இஞ்ச ஒயில் மாத்தினாத்தான் எடுப்பம் எண்டினம்.

நான் கேக்கிறது பெரிய திட்டம் ஒண்டும் இல்லை. பிரதேச சபையின்ர குப்பை ரக்ரர் கிழமைக்கு ஒருக்கா எங்கட ஒழுங்கைக்கு வருது. சபை வளவுக்குள்ள கூரைக்குக் கீழ சீமெந்துத் தொட்டி ஒண்டு கட்டி அதுக்குள்ள ரெண்டு பரலை வச்சு, மாசத்தில ஒருநாள் பழைய ஒயிலும் பில்ரரும் கொண்டந்து தாங்கோ எண்டு சொன்னா நாங்களே கொண்டுபோய்க் குடுப்பம், பரல் நிரம்பினா வேண்டுறவன் தானா வருவான், சபைக்கும் காசு. நீங்கள் ஒரு நிருபரை அனுப்பி இதை அவையிட்ட ஒருக்காக் கேட்டுப் போடுங்கோ, நாங்கள் கேட்டா மேசைக்கு மேசை அனுப்புவினம், பேப்பர்காரர் கேட்டா மறுமொழி வரும்.

ரெண்டு கான் நிரம்பி மூண்டாவது பாதியில நிக்குது, மூண்டும் கொட்டிலுக்குள்ள தகரத்துக்குக் கீழ இருக்கு. அடுத்த சேவிஸ் ஆவணியில, அதோட மூண்டாவதும் கிட்டத்தட்ட முட்டிப்போம். ஐப்பசிக்கு முதல் ஒரு வழி தெரிஞ்சா நல்லம்.

இப்படிக்கு,
ஒரு பிராடோக்காரன்,
விசுவமடு.