இணையப் பாதுகாப்புப் பணியில் பள்ளி மாணவர்களை முறையாக ஈடுபடுத்த ஆணை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளிகளில் இணையப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள், கணினிப் பயிற்றுநர்கள், மனநல ஆலோசகர்கள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் இணையப் பாதுகாப்புக் குழு அமைத்தல், அதன் வரம்புகளை வரையறுத்தல், சிக்கலைச் சொல்லும் மாணவருக்குத் தண்டனையின்மை உறுதி செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2004-இல் ஐரோப்பாவில் தொடங்கிய பாதுகாப்பான இணைய நாள், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுப்பார்கள், சுவரொட்டிப் போட்டி வைப்பார்கள், பரிசு கொடுப்பார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கணக்கு களவுபோன மாணவியும், படத்தை வைத்து மிரட்டப்படும் மாணவனும் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து வாய் திறப்பதில்லை. அவர்கள் முதலில் சொல்வது பக்கத்து இருக்கையில் இருக்கும் நண்பரிடம். அந்த நண்பருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. “எல்லாவற்றையும் அழித்துவிடு” என்கிறார்; சான்று போய்விடுகிறது. அல்லது மிரட்டுபவருக்குத் தாமே செய்தி அனுப்பி வம்பை வளர்க்கிறார். இந்த முதல் நண்பரைத் தயார்படுத்த வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இது சலுகை கேட்பதும் அன்று. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகளின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. எண்ணிம (டிஜிட்டல்) உலகில் குழந்தை உரிமைகள் பற்றி அதே உடன்படிக்கைக் குழு 2021-இல் வெளியிட்ட 25-ஆவது பொதுக் கருத்துரை, இத்துறையின் கொள்கைகளையும் பயிற்சிகளையும் வகுக்கும்போதே குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

குழு அமைப்பு: 7 முதல் 11-ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இருவர் போதும். தேர்வில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அதிக மதிப்பெண் எடுப்பவர், வகுப்புத் தலைவர், ஆசிரியருக்கு நெருக்கமானவர் என்று எடுத்தால் யாரும் அவர்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். “உனக்கு ஒரு சங்கடம் என்றால் இந்த வகுப்பில் யாரிடம் சொல்வாய்?” என்று கேட்டு, பெயரில்லாத துண்டுத் தாளில் இரண்டு பெயர் எழுதச் சொன்னால் சரியான ஆட்கள் தாமாகத் தெரிவார்கள். பெற்றோர் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். ஆண்டுதோறும் பாதிப் பேர் மாறி, பாதிப் பேர் தொடர்ந்தால் அனுபவம் வீணாகாது.

பயிற்சி: 40 நிமிடம் வீதம் ஆறு அமர்வுகள். புதிய கணினிகள் தேவையில்லை. முதல் இரண்டு அமர்வுகள் கணக்கைப் பூட்டுவது பற்றியவை. இங்கே விளக்கவுரையைக் குறைத்து, செய்ய வைக்க வேண்டும்; ஏனெனில் இரு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் முறையை) இயக்கும்போதுதான் உண்மையான முட்டுக்கட்டைகள் வெளிப்படும். குறியீடு வர வேண்டிய எண் பெற்றோருடையது, அவர் வேலைக்குப் போயிருப்பார். மீட்பு மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்திருக்கும். கைபேசி இல்லாதபோது கணக்கில் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அதே கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பார்கள். கைபேசி தொலைந்தால் அதுவும் போயிற்று. அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைப்பதே சரி. குறியீடு உருவாக்கும் செயலிகள் பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை புதிய ஆறு இலக்க எண்ணைத் தருகின்றன. கைபேசிக் கடிகாரம் தவறாக ஓடினால் அந்த எண் ஏற்காது. விளையாட்டில் கூடுதல் வாய்ப்புப் பெறக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் மாணவர்கள் நிறைய. நேரத்தைத் தானியங்கியாக மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். ஓர் ஆசிரியருக்குத் தோன்றாத இந்தக் காரணம் இன்னொரு மாணவனுக்கு உடனே தோன்றும்.

அடுத்த இரண்டு அமர்வுகள் மிரட்டல், ஏமாற்று, போலிக் கணக்கு, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பொய்ப் படம் ஆகியவை பற்றியவை. இதில் வரிசை முக்கியம்: முதலில் சான்றைச் சேமித்தல், பிறகு செயலியில் புகார் செய்தல், கடைசியாகத் தடுத்தல். பயத்தில் முதலிலேயே தடுத்துவிட்டால் சில செயலிகளில் அந்தக் கணக்கின் முகவரியைத் திரும்ப எடுப்பது கடினம். புகார் செய்யும் அதே பெட்டியில் உரையாடலை அழிக்கும் தேர்வும் இருக்கலாம். பதற்றத்தில் அதையும் சேர்த்து அழுத்திவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர்மீது புகார் செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள்வரை நிறுவனத்துக்குச் செல்லும். முழு உரையாடலும் போகும் என்று நம்பி அழித்துவிடக் கூடாது. கணக்கின் பெயர், முகவரி, தேதி, நேரம், பணம் கேட்ட செய்தி ஆகியவை வேண்டும். அந்தரங்கப் படத்தை மட்டும் யாரும் படி எடுக்கவோ, ஆசிரியருக்கே ஆனாலும் அனுப்பவோ கூடாது. சிறுவரின் அந்தரங்கப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். உதவப் போன மாணவரே வழக்கில் சிக்கக்கூடும். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகை ஏறும் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து அகற்ற உதவும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. படம் கைபேசியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடப்படும் எண் தடம் (படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) மட்டுமே, பங்கேற்கும் தளங்களுக்குப் பகிரப்படும். பெயர் தர வேண்டியதில்லை. வரம்புகளும் உண்டு: பங்கேற்காத தளங்களிலும் முழுமையாகக் குறியாக்கம் செய்த (உரையாடுபவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய) உரையாடல்களிலும் இது வேலை செய்யாது, படத்தை வெட்டி மாற்றியிருந்தால் தடம் பொருந்தாமல் போகலாம். மாணவர் குழுவுக்கு இது இருப்பது தெரிந்தால் போதும். பதிவு செய்வது பாதிக்கப்பட்டவரும் அவர் நம்பும் பெரியவரும்.

கடைசி இரண்டு அமர்வுகள் கேட்பது எப்படி என்பது பற்றியவை. எங்கள் கருத்தில் இவையே முதன்மையானவை. “ஏன் அனுப்பினாய்?” என்ற ஒரு கேள்வி போதும், வாய் மூடிக்கொள்ளும். முழு ரகசியம் காப்பதாகவும் வாக்குக் கொடுக்கக் கூடாது. “மற்ற மாணவர்களிடம் சொல்ல மாட்டேன், உனக்கு ஆபத்து என்றால் ஓர் ஆசிரியரிடம் சொல்லியே தீருவேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லப் பழக்க வேண்டும். அந்தரங்கப் படம், பண மிரட்டல், முன்பின் தெரியாதவர் நேரில் சந்திக்க அழைத்தல், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகிய நான்கும் அன்றே பொறுப்பாசிரியரிடம் வர வேண்டும். நான்காவதில், பெரியவர் வரும்வரை அந்த மாணவரைத் தனியே விடக் கூடாது.

இந்தப் பிள்ளைகள் துப்பறிவாளர்கள் அல்லர், ஆலோசகர்களும் அல்லர். பிறர் கைபேசியைத் தொடக் கூடாது. கடவுச்சொல் கேட்கக் கூடாது. போலிக் கணக்கு தொடங்கி யாரையும் பிடிக்க முயலக் கூடாது. கேட்ட விஷயம் அவர்கள் மனத்திலும் தங்கும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பொறுப்பாசிரியர் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பள்ளிக்கு இரண்டு பொறுப்பாசிரியர்கள், அவர்களில் ஒருவராவது பெண். புகார் பள்ளி ஊழியர் மீதே இருந்தால் செல்ல, பள்ளிக்கு வெளியே கல்வி அலுவலகத்தில் ஓர் அலுவலரின் பெயரும் எண்ணும் சுவரில் இருக்க வேண்டும். பதிவேட்டில் தேதி, சிக்கலின் வகை, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பவை போதும். மாணவர் பெயர் வேண்டாம்.

குழு அதன்பின் கீழ் வகுப்புகளுக்கு 20 நிமிடச் செய்முறை வகுப்பு எடுக்கலாம். செயலிகளின் அமைப்புப் பக்கங்கள் அடிக்கடி இடம் மாறுவதால் அச்சிட்ட கையேடு விரைவில் பழசாகும். எந்தப் பொத்தானுக்குப் பின் எது என்பதைப் பருவத்துக்கு ஒரு முறை மாணவர்களே சரிபார்த்துத் தமிழில் திருத்தி எழுதட்டும்.

இரண்டு விதிகள் ஆணையிலேயே இடம்பெற வேண்டும். ஒன்று, சிக்கலைச் சொன்ன மாணவரின் கைபேசியைத் தண்டனையாகப் பறிக்கவோ, விதியை மீறிக் கைபேசி வைத்திருந்ததற்காக நடவடிக்கை எடுக்கவோ கூடாது. சொன்னால் கைபேசி போகும் என்று ஒருமுறை பரவிவிட்டால் அந்தப் பள்ளியில் அடுத்த புகார் வராது. மற்றொன்று, புகார் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைத் தரப்படுத்தக் கூடாது. குழு நன்றாக இயங்கினால் முதல் ஆண்டில் எண்ணிக்கை ஏறவே செய்யும். அதைக் குறையாகப் பார்த்தால் தலைமையாசிரியர்கள் மறைக்கத் தொடங்குவார்கள். மாறாக, பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து கேள்விகள் கொண்ட பெயரில்லாத தாள் கொடுக்கலாம்: “இரு கட்டச் சரிபார்ப்பு இயங்குகிறதா?”, “மீட்புக் குறியீடு எங்கே இருக்கிறது?”, “மிரட்டல் வந்தால் இன்றே யாரிடம் சொல்வாய்?” என்பன போன்றவை.

வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் இதற்கான ஆணையையும், பொறுப்பாசிரியர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்கான அனுமதியையும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆறு அமர்வுகளுக்கான பாடத்திட்ட வரைவையும் பெற்றோர் ஒப்புதல் படிவத்தையும் தாங்கள் குறிக்கும் நாளில் நேரில் சமர்ப்பிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்