செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நெகிழி ஒழிப்புப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கவிருப்பதால், இவ்வாண்டு நம் சங்கம் முதன்மையாக மேற்கொண்ட நெகிழி ஒழிப்புப் பணியைப் பற்றி மட்டும் இங்கு விரித்துரைக்கிறேன்.

சென்னை வேளச்சேரியில் குடியிருக்கும் நாம் இப்பணியைத் தள்ளிப்போட இயலாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் வீடுகளுக்குள் புகுந்ததற்குப் பெருமழையும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிப்போனதும் பெரிய காரணங்கள்தான். எனினும், இவ்வாண்டு பருவமழைக்கு முன் மழைநீர் வடிகாலின் மூடிகளைத் திறந்தபோது, பால் கவர்களும் ஷாம்பு பாக்கெட்டுகளும் பார்சல் பைகளும் சேற்றோடு அடுக்கடுக்காக இறுகி, கம்பியால் குத்தி இழுத்தும் வர மறுத்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம்.

காலி மனைகளில் குப்பை கொளுத்துவது குறித்தே மிகுதியான புகார்கள் வந்தன. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த நெகிழி எரியும்போது வெளிப்படும் டையாக்சின், உடலின் கொழுப்பில் தங்கிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் நச்சாகும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது அந்தப் புகையால் அவதிப்பட்ட நாமே தெருமுனையில் தீ வைப்பதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. மாநகராட்சிப் பணியாளர்களிடம் மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கும் வீடுகள் கூடியிருந்தும், கொளுத்துவது முற்றிலும் நிற்கவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

உணவுப் பார்சலிலும் தேநீர்க் கடையிலும் நெகிழியைக் குறைப்பதில் ஓரளவு வெற்றி கிடைத்தது. நெகிழிப் பூச்சிட்ட காகிதக் குவளையில் ஊற்றிய 100 மி.லி. சூடான நீரில், 15 நிமிடங்களில் சுமார் 25,000 நெகிழி நுண்துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். இக்குவளைகளும் உணவு கட்டும் நெகிழித் தாள்களும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவையே. இதை எடுத்துச் சொன்னதும் நம் தெருத் தேநீர்க் கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களுக்கு மாறினார்; சாம்பாரும் ரசமும் வாங்கத் தூக்குவாளியுடன் செல்வதைப் பெரியவர்கள் சிலர் மீண்டும் வழக்கமாக்கியுள்ளனர். இளைய குடும்பங்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன்.

வளைகாப்பு, பிறந்தநாள் போன்ற வீட்டு விசேஷங்களுக்கு இரவலாக வழங்க, எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும் சங்கத்தின் சார்பில் வாங்கி வைக்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கான தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்