டிரம் கோர் பார்க்கச் சொல்லிக்கொடுத்த எல்லோருக்கும்

ஆகஸ்ட் 9 சனிக்கிழமை ராத்திரி இண்டியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில், 2025 சீசனின் டிரம் கோர் என்ற அணிவகுப்பு இசைக்குழுக்களின் இறுதிப் போட்டி முடிந்தது. பாஸ்டன் குரூசேடர்ஸ் ஜெயித்தார்கள். 1940ல் ஆரம்பித்த குழு அது, போட்டியை நடத்துகிற டிரம் கோர் இன்டர்நேஷனலின் (டி.சி.ஐ.) பட்டம் அவர்களுக்கு இதுதான் முதல் தடவை, அதனால் என் வரிசையில் வேறு குழுக்களின் சட்டை போட்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன். தொண்டை சரியான பிறகு உட்கார்ந்து எழுதுவது இது.

கூட்டத்தோடு சேர்ந்து கத்துவது யாருக்கும் வரும். எதற்குக் கத்துகிறோம் என்று தெரிந்து கத்தினேன் பாருங்கள், அதை எனக்குக் கொடுத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, அக்கா படித்துச் சொல்லிவிடுவார்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்ட் உண்டு, ஃபுட்பால் இடைவேளையில் மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பார்கள், அது பலருக்கும் தெரியும். டிரம் கோர் அதன் கோடைக்கால அண்ணன். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எதுவும் கிடையாது, பித்தளை ஊதுவாத்தியங்கள், தாள வாத்தியங்கள், அப்புறம் கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றுகிற கலர் கார்ட், அவ்வளவுதான். ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம், எல்லோரும் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். மே கடைசியில் பயிற்சி முகாம், ஜூன் கடைசியிலிருந்து ஊர் ஊராக பஸ், ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இறுதிப் போட்டி. இத்தனையும் பன்னிரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக. ஆடுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, அவர்கள்தான் பல ஆயிரம் டாலர் கட்டிச் சேர்கிறார்கள். முன்னாள் படைவீரர் சங்கங்களும் சர்ச்சுகளும் பிள்ளைகளுக்காக நடத்திவந்த குழுக்கள் ஒன்றுசேர்ந்து டி.சி.ஐ. என்று ஓர் அமைப்பாகி, 1972ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் முதல் சாம்பியன்ஷிப் நடத்தின. சரி, விளக்கம் போதும்.

எதிர்வீட்டு அக்கா, உங்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஜூலையில் ஒருநாள் "சும்மா வந்து பாரு, பிடிக்கலைன்னா பாதியிலயே கிளம்பிடலாம்" என்று சொல்லி, டிக்கெட்டோடு ஒரு ஜோடி காது அடைப்பானையும் கையில் வைத்தீர்கள். உங்கள் பையன் வாசிக்கிறானே என்று மரியாதைக்கு வந்தவர்களை உங்களால் கண்டுபிடித்துவிட முடியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் வழி முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஊர்க்கதையே பேசிக்கொண்டு வந்தீர்கள். அதற்கே தனி நன்றி. உங்கள் வீட்டுக்காரருக்கும்தான். அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிற அண்ணன், கறுப்பு டீசர்ட்டும் தொப்பியும் போட்டு, சக்கரம் வைத்த மேடைத்துண்டு ஒன்றை மற்ற அப்பாக்களோடு சேர்ந்து மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோதுதான் இது வேறு மாதிரி விஷயம் என்று எனக்கு முதலில் உறைத்தது. இன்னும் ஒரு குழுவும் வாசிக்கவில்லை அப்போது.

தம்பி, உனக்கும். உன் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை, நீ எழுத வேண்டாம் என்றாய். மெல்லோஃபோன் என்றால் என்ன என்று நான் கேட்டபோது சிரிக்காமல், பிரெஞ்ச் ஹார்னில் சத்தம் வெளிவருகிற வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், மைதானத்தில் அது உதவாது, அதனால் வாய் முன்னால் பார்க்கிற மாதிரி செய்த வாத்தியம் என்று பொறுமையாகச் சொன்னாய். முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்ட இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது, மற்றதெல்லாம் வெயிலில் கருத்துப்போய். வெள்ளிக்கிழமை அரையிறுதியோடு உங்கள் குழு நின்றுவிட்டது. 25 குழுக்களில் 12தான் சனிக்கிழமைக்குப் போகும், அது உங்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் கடைசிச் சுரத்தை அவ்வளவு நேரம் பிடித்து நிறுத்தினீர்களே, அதை நான் சனிக்கிழமை பார்த்த எந்த முடிவுக்கும் குறைவாக வைக்க மாட்டேன். உன் எதிர்வீட்டுக்காரர் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இனி அந்த ஜூலைப் போட்டியில், பள்ளி மைதானத்து அலுமினிய பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு. ஐயா, எழுபதுகளில் நீங்களே ஒரு குழுவில் பாரிடோன் பியூகிள் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசித்தவர், இப்போது முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி மேல் வரிசைக்கு வந்தீர்கள். ஏன் கீழேயே உட்காரக் கூடாது என்று கேட்டதற்கு, கீழே இருந்தால் மனிதர்கள் தெரிவார்கள், மேலே இருந்தால்தான் அவர்கள் போடுகிற கோலம் தெரியும் என்றீர்கள் (கோலம் என்பது என் சொல், நீங்கள் சொன்னது வேறு). முதலில் காலைப் பார்க்கச் சொன்னீர்கள். ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு, அந்த ஐந்து கஜத்தை எட்டுக் காலடிகளில் கடக்க வேண்டும், அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம், ஆளின் உயரம் எதுவானாலும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வரிசை கோட்டைத் தொடும் நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். எல்லோருடைய பாதமும் ஒன்றாக வந்து விழும்போது ஒரு சின்னத் திருப்தி வருகிறது, அது பழக்கமாகிவிட்டது, இப்போது பள்ளி அணிவகுப்பைக்கூட என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் கேட்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். மைதானத்தின் அகலம் 160 அடி. பின்கோட்டில் அடிக்கிற டிரம் சத்தம் முன்கோட்டுக்கு வர ஏறக்குறைய நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிறது. நிமிடத்துக்கு 180 தட்டு ஓடுகிற வேகத்தில் அது கிட்டத்தட்ட அரைத் தட்டு. அதனால் எல்லோரும் எல்லோரையும் கேட்டு வாசித்தால் கூழாகிவிடும். முன்னால் நிற்கிற மாரிம்பா, வைப்ரஃபோன் என்ற தட்டி வாசிக்கும் வாத்தியக்காரர்கள் பின்னாலிருந்து வருகிற டிரம்மைக் காதில் வாங்கி அதோடு சேர்கிறார்கள், பின்னால் இருப்பவர்களோ முன்னாலிருந்து வரும் சத்தத்தை நம்பவே கூடாது, முன்னால் நின்று தாளம் காட்டுகிற டிரம் மேஜரின் கையையும் தங்கள் காலையும்தான் நம்ப வேண்டும். அப்படி ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தை நம்பி வாசித்தால்தான் எங்கள் பெஞ்சுக்கு அது ஒரே சத்தமாக வந்து சேரும். இதை நீங்கள் சொன்ன பத்து நிமிடத்தில் ஒரு குழு எண்பது ஊதுவாத்தியங்களையும் எங்களுக்கு முதுகு காட்டித் திருப்பி, மெதுவாக, ஏதோ பக்கத்து ஊரிலிருந்து கேட்கிற மாதிரி ஊதிக்கொண்டே பின்னால் போனது. "இப்போ பிடிச்சுக்கோ" என்று என் முழங்கையைத் தட்டினீர்கள். அப்படியே மொத்தமாகத் திரும்பினார்கள். நெஞ்சுக்கூட்டில் அடித்தது அது. காது அடைப்பானைக் கழற்றி வைத்திருந்தேன், அதைப் பற்றி வருத்தமே இல்லை.

மைக்கும் சிந்தசைசரும் வந்து எல்லாம் கெட்டது என்று நீங்கள் புலம்பியதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஒலிபெருக்கி 2004ல், மின்னணு வாத்தியங்கள் 2009ல் அனுமதிக்கப்பட்டன என்றீர்கள். மாரிம்பாவின் மெல்லிய சத்தம் மேல் வரிசை வரை வருவது மைக்கால்தான், அது நல்லது. ஆனால் டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் வாசிக்கிற இடத்தில் எல்லாம் கீழே ஒரு செயற்கை உறுமலைப் போட்டு மெழுகுகிறார்களே, அதில் நான் உங்கள் கட்சி. டியூபாக்காரப் பிள்ளைகள் பதினைந்து கிலோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது எதற்கு?

மதிப்பெண் கதையும் நீங்கள் சொன்னதுதான். நூற்றுக்கு மதிப்பெண், அதில் 40 மொத்தத் தாக்கத்துக்கு, காட்சிக்கு 30, இசைக்கு 30. 2008 இறுதியில் ஃபேண்டம் ரெஜிமெண்ட் என்ற குழு 98.125, ப்ளூ டெவில்ஸ் என்ற குழு 98.100. வெறும் 0.025 மதிப்பெண்ணில் ஒரு பட்டம் கைமாறியிருக்கிறது. சொல்லும்போது உங்கள் குரல் கம்மியது, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

அன்றைக்கு இடி மின்னல் வந்து பாதியில் நிறுத்தினார்களே, அந்தப் பள்ளியின் பேண்ட் பெற்றோர்களுக்கும் நன்றி. கேட்டில் டிக்கெட் கிழித்தவர்களே நனைந்துகொண்டு ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, எங்களை ஜிம்முக்குள் உட்கார வைத்து, கிழவர்களுக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். மீதமிருந்த குழுக்கள் கூடைப்பந்துத் தரையில் அரைவட்டமாக நின்றபடியே வாசித்தன. அசைவு இல்லை, கொடி இல்லை, மதிப்பெண் இல்லை. கூரை விழுந்துவிடும் போல இருந்தது. போட்டி நடக்காமல் போனதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, சொல்லப்போனால் அன்றைய ராத்திரியில் அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பார்க்கிங் லாட்டில் டிரம் பயிற்சியாளர்களாக நின்ற இளைஞர்களுக்கு ஒரு வரி. ரசிகர்கள் இவ்வளவு கிட்டே வந்து நிற்கிறார்களே என்று நீங்கள் விரட்டவில்லை, தாளம் தட்டும் மெட்ரோனோமுக்கும் எங்களுக்கும் இடையில் மட்டும் வராதீர்கள் என்றீர்கள், அவ்வளவுதான். வலக்கையில் எட்டு, இடக்கையில் எட்டு என்று அந்தச் சாதாரணப் பாடத்தையே டிரம் பிள்ளைகள் அரை மணி நேரம் அடித்தார்கள். ஸ்நேர் டிரம் வரிசையில் ஒரு குச்சி அரை அங்குலம் கூடுதலாக உயர்ந்ததற்காக மறுபடி முதலிலிருந்து. காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்த்ததைவிட வெளியே இலவசமாகப் பார்த்த இதைத்தான் ஊருக்கு ஃபோன் போட்டு அதிகமாகச் சொன்னேன்.

கலர் கார்ட் பிள்ளைகளுக்கும்தான், நீங்கள் மேலே எறிந்த மரத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே 'டப்' என்று கைக்கு வந்து சேர்ந்த அந்த நொடியில் நான் மூச்சு விடவில்லை.

கடைசியாக சமையல் வண்டிக்காரர்களுக்கு. ஒரு டிரெய்லருக்குள் அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரம் கழுவ இடம் எல்லாம் வைத்துக்கொண்டு கோடை முழுக்க ஊர் ஊராகப் போய், நாளுக்கு நான்கு வேளை, பிள்ளைகள், பயிற்சியாளர்கள், டிரைவர்கள் என்று இருநூறு பேருக்கு நெருக்கமாகச் சமைத்துப் போடுகிறீர்கள். நான்காவது வேளை நிகழ்ச்சி முடிந்து நடு ராத்திரியில். அதைச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் வேறு ஊரில் வேறு ஜிம்மின் தரையில் படுக்கையை விரிக்கிறார்கள் பிள்ளைகள். அக்கா என்னையும் ஒருநாள் வெங்காயம் நறுக்கக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாண வீட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது, யாரும் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை, கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், அவர் பேரன் குழுவை விட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டதாம், இவர் மட்டும் ஒவ்வொரு கோடையும் இரண்டு வாரம் வந்து நிற்கிறார். அந்தப் பக்கம் நிழலில் ஒரு தையல் மெஷின், கிழிந்த ஜிப்போடு வரிசையாகப் பிள்ளைகள். மைதானத்தில் நான் பார்த்த பன்னிரண்டு நிமிடத்தில் இவர்கள் யாருமே தெரியவில்லை, இப்போது எனக்கு இவர்களைத் தவிர்த்து அதைப் பார்க்கத் தெரியவில்லை.

சமையல் வண்டித் தலைவி அவர்களே, அடுத்த ஜூனில் உங்கள் பஸ் எங்கள் பக்கம் வரும்போது ஒரு வேளையை என்னிடம் விட முடியுமா என்று கேட்டீர்கள். சரி என்று அப்போதே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்வதாக உத்தேசம். இருநூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி, உங்கள் பெரிய பாத்திரம் எத்தனை லிட்டர், இந்த இரண்டை மட்டும் அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள். மிளகாயைக் குறைத்தே போடுகிறேன். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் எத்தனை பேர் என்றும் சொல்லிவிட்டால் அவர்களுக்குத் தனியாகத் தாளித்துவிடலாம்.