செயலாளரின் ஆண்டறிக்கை: நீலிக்ஸின் பக்கம் நின்ற ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் நினைவிருக்கும். 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' என்ற விண்வெளிக் கப்பல் டிவி தொடரில் ரசிகர்கள் ஒதுக்கிவைத்த பாத்திரங்களுக்காக மாதம் ஒரு கூட்டம் நடத்துவது என்று முடிவெடுத்தோம். எல்லோரும் கொண்டாடும் பாத்திரங்களான கேப்டன் ஜேன்வேக்கும் செவன் ஆஃப் நைனுக்கும் நம் வக்காலத்து தேவையில்லை. 1995 முதல் 2001 வரை 172 எபிசோடுகள் ஓடிய தொடரில் மற்றவர்களும் இருந்தார்கள்.

ஆண்டின் பெரும்பகுதி நீலிக்ஸுக்கே போயிற்று. நானும் தடுக்கவில்லை. கப்பலின் சமையல்காரர், ஓயாமல் பேசுபவர், உணர்ச்சியைக் காட்டாத பாதுகாப்பு அதிகாரி டூவோக்கின் பொறுமையைச் சோதிப்பவர் என்பதோடு அவரைப் பலர் முடித்துவிடுகிறார்கள். முதல் சீசனின் 'ஜெட்ரெல்' எபிசோடைத் திரையிட்ட அன்று அந்தப் பேச்சு நின்றது. ரினாக்ஸ் என்ற நிலாவில் ஒரே ஆயுதம் 3 லட்சம் பேருக்கு மேல் கொன்றது. நீலிக்ஸின் குடும்பமும் அதில் போய்விட்டது. அந்த ஆயுதத்தை உருவாக்கிய விஞ்ஞானியே கப்பலுக்கு வந்து நிற்கிறார். நீலிக்ஸின் கோபத்துக்கு அடியில் வெட்கம் கிடக்கிறது. போருக்குப் போகாமல் ஒளிந்திருந்தவர் அவர். அதைத் தன் காதலி கெஸ்ஸிடம் ஒப்புக்கொள்கிறார். கடைசியில், சாகக் கிடக்கும் அந்த விஞ்ஞானியை மன்னிக்கிறார்.

நான்காம் சீசனின் 'மார்ட்டல் காயில்' இன்னும் கனமானது. 18 மணி நேரத்துக்கு மேல் இறந்துகிடந்த நீலிக்ஸைச் செவனின் உடலிலுள்ள நுண்ணிய இயந்திரங்களான நானோபுரோப்கள் எழுப்புகின்றன. இறந்த சொந்தங்கள் பெரிய காட்டில் தனக்காகக் காத்திருப்பார்கள் என்று நம்பி வாழ்ந்தவர், அங்கே எதையுமே பார்க்கவில்லை. உயிரை விடத் துணிந்தவரை நிறுத்துவது கப்பலில் பிறந்த குட்டி நயோமியின் பயம்தான். அறையில் பூதம் ஏதும் இல்லை என்று அவர் வந்து பார்த்துச் சொன்னால்தான் அவள் தூங்குவாள். அப்புறம் அவருடைய கலகலப்பை வெறும் சத்தம் என்று எப்படிச் சொல்வது? குடும்பத்தை இழந்தவர் ஒரு கப்பல் முழுவதையும் குடும்பமாக்கிக்கொள்ள ஒவ்வொரு நாளும் செய்த வேலை அது.

எதிர்த்துப் பேசிய உறுப்பினர்கள், முதல் இரண்டு சீசன்களில் கெஸ்ஸைச் சுற்றி அவர் படும் பொறாமையை எடுத்துக்காட்டினார்கள். அது நியாயமான குறை என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். டூவோக்கும் நீலிக்ஸும் ஒரே ஆளாகக் கலந்துபோகும் 'டூவிக்ஸ்' எபிசோடு பற்றிய கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. அதை மறுபடி எடுக்கும் எண்ணம் செயற்குழுவுக்கு இல்லை.

கப்பலின் இளம் அதிகாரி ஹாரி கிம்முக்கு இரண்டு கூட்டங்கள். ஏழு வருடமும் என்சைன் என்ற கடைநிலை அதிகாரியாகவே இருந்ததை அவருடைய பலவீனமாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. கப்பலை ஓட்டும் டாம் பாரிஸ் பதவி இறக்கப்பட்டு மறுபடி ஏற்றவும் பட்டார். ஹாரி இருந்த இடத்திலேயே இருந்தார். அது எழுதியவர்களின் குறை. நூறாவது எபிசோடான 'டைம்லெஸ்'ஸில், தான் அனுப்பிய தவறான கணக்கால் கப்பலோடு தோழர்கள் அழிந்ததை 15 வருடம் சுமந்து, சட்டத்தை மீறியாவது அதைத் திருத்த வரும் ஹாரியைப் பார்த்தவர்கள், அவரைச் சாதுப் பையன் என்று சொல்லி நகர முடியாது.

கெஸ்ஸுக்கு ஒரே கூட்டம்தான் கிடைத்தது. ஒன்பது வருடமே ஆயுள் உள்ள இனத்தில் பிறந்தவள், விடைபெறும்போது கப்பலின் பயணத்தில் பத்து வருடத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். வரும் ஆண்டில் அதைச் சரிசெய்யலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்துக்கு 'ஹோம்ஸ்டெட்' எபிசோடை முன்மொழிகிறேன். நீலிக்ஸ் கப்பலை விட்டுப் போகும்போது, ஆட மாட்டேன் என்று மறுத்திருந்த டூவோக் எல்லோர் முன்னிலையிலும் காலை லேசாக அசைத்து ஆடிக்காட்டுவார். அந்த இடத்தை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அறிக்கையை அவை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்