ஹெர்பர்ட்டின் முகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் ஆங்கிலப் பக்திக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் பற்றிய கட்டுரை அருமை, ஆனால் படத்துக்குக் கீழே 'கவிஞர் வாழ்ந்த காலத்து ஓவியம்' என்று போட்டுவிட்டீர்களே! அது வில்லியம் டைஸ் 1860இல் வரைந்தது. ஹெர்பர்ட் 1633லேயே காலமாகிவிட்டார். லண்டன் கில்ட்ஹால் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஹெர்பர்ட் பாதிரியாராக இருந்த பெமர்ட்டன் ஊரில், ஆற்றோரத் தோட்டத்தில் அவர் கையில் புத்தகத்தோடு நிற்கிறார், தூரத்தில் சால்ஸ்பரி பேராலயக் கோபுரம், கல் பெஞ்சில் அவருடைய லூட் என்ற தந்தி வாத்தியம். அப்புறம், ஒரு தூண்டில் வேறு! அது அவருடையது அல்ல, அவர் வாழ்க்கையை எழுதிய ஐசக் வால்டன் மீன்பிடிப் பிரியர், அவரை நினைவூட்டத்தான்.

முகத்துக்கு எல்லோரும் நம்புவது ராபர்ட் வைட்டின் செதுக்கோவியத்தை. கறுப்புக் குல்லா, ஒட்டிய கன்னம், தோள்வரை முடி. அதுவும் அவர் இறந்து சுமார் நாற்பது வருடம் கழித்து வந்ததுதான், ஆனாலும் எனக்கென்னவோ டைஸின் அழகான தோட்டத்தைவிட, காசநோயில் 39 வயதில் போன மனிதர் அந்தக் கோடுகளில்தான் தெரிகிறார். சால்ஸ்பரி பேராலயத்தின் மேற்கு முகப்பிலும் அவருக்குச் சிலை உண்டு.

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். முடிந்தால் வைட்டின் படத்தையும், கொஞ்சம் பெரிதாக.

ஒரு வாசகர், மதுரை