அம்மாவின் வயர் கூடை

நேற்று மாலை ரிசல்ட் வந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். சப்ளியில் (மறுதேர்வில்) அனாடமி, பயோகெமிஸ்ட்ரி இரண்டும் பாஸ். முதல் தடவை ஃபெயில் ஆனபோது நான் எப்படிக் கிடந்தேன் என்பது நம் குரூப்பில் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை.

விடியற்காலை வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்வி கேட்டு எழுப்பிய பேட்ச் நண்பர்கள், செல் சக்தி எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியைக் கையால் வரைந்து அனுப்பியவர்கள், 40 நிமிடத்தில் ஜூம் அறுந்துபோகும்போதெல்லாம் அலுக்காமல் புது லிங்க் போட்டவர், அப்புறம் எனக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு இன்றுவரை ஒத்துக்கொள்ளாத அந்த ஆள், எல்லோருக்கும் நன்றி.

ஃபைனல் இயர் அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டில் வந்தவள். குரூப் கிளாஸில் மைக்கை ஆன் செய்ததே இல்லை. அக்கா அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் இரவு எல்லோரும் போனபிறகு, "நீ கட் பண்ணாத, இரு. பிரேக்கியல் பிளெக்ஸஸைத் தமிழ்லயே சொல்லு" என்றார். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் அது. தமிழிலும் வரவில்லை. "சரி, வீட்டுல கயிறு ஏதாவது இருக்கா?"

அம்மா பாதி பின்னிய வயர் கூடை பக்கத்தில் கிடந்தது. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்களுக்கு (சி5 முதல் டி1 வரை) ஐந்து நிறத்தில் ஐந்து வயரைத் தரையில் பரப்பினேன். சி5, சி6 சேர்ந்து மேல்தண்டு. சி7 தனியாக நடுத்தண்டு. சி8, டி1 சேர்ந்து கீழ்த்தண்டு. ஒவ்வொன்றும் முன்பிரிவு, பின்பிரிவு எனப் பிரிய வேண்டும். நடுவில் ஒரே வயர்தானே? அந்த மஞ்சள் வயரை பிளேடால் நீளவாக்கில் கீறினேன். மூன்று பின்பிரிவுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டதும், ஹாஸ்டல் மொட்டைமாடியில் கொசு அடித்துக்கொண்டே அக்கா சொன்னார்: "அதான் போஸ்டீரியர் கார்ட்." அப்போது மணி ஒன்றேகால். காலையில் அவருக்கு வார்டு.

வைவாவில் மேல்தண்டு அடிபட்டால் கை எப்படியிருக்கும் என்று கேட்டார்கள். சி5, சி6-க்கு வைத்த சிவப்பு வயரும் நீல வயரும்தான் கண்முன் வந்தன. கையை உட்பக்கம் திருப்பி, உள்ளங்கை பின்னால் பார்க்கத் தொங்கவிட்டு நின்றேன். எக்ஸாமினர் சிரித்துவிட்டார்.

புது பேட்ச் வந்ததும் சனிக்கிழமை இரவு கிளாஸ் நான் எடுக்கிறேன் அக்கா. மைக் ஆன் செய்யாதவர்களை எனக்கு விட்டுவிடுங்கள்.

கூடை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மஞ்சள் வயர் எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.