காலிப் பானையா ரசிகன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமா இளைஞர்களைக் கெடுக்கிறது என்ற சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர், ரசிகன் ஒரு காலிப் பானை, ஊற்றியதெல்லாம் அப்படியே தங்கிவிடும் என்பதுபோல் எழுதியிருக்கிறார். ரொம்பப் பழைய நினைப்பு அது. 1940 அமெரிக்கத் தேர்தலின்போதே லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரின் குழுவினர் அங்கே ஒஹையோ மாநிலத்தில் ஒரே வாக்காளர்களிடம் மாதாமாதம் பேசிப் பார்த்தார்கள். வானொலியும் பத்திரிகையும் அவர்கள் மனதை அசைத்தது கொஞ்சம்தான். பக்கத்தில் இருக்கும் விவரமான ஆள் சொன்னது அதைவிட எடுபட்டது.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் மீனவ ஊர் தங்கச்சிமடத்துக்கு ஒஹையோ எதற்கு? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அப்போது பையன்கள் தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு கடல் படம் போட்டார்கள். கதாநாயகன் வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், நின்று வீச்சுவலையை வீசினான். அவன் தலைமுடி பின்னால் பறக்கிறது. "எதிர்க்காத்துல வீசுறான் பாரு, வலை அவன் மூஞ்சியிலதான் விழும்" என்றார் படகு ஓட்டும் மாமா. தெருவே சிரித்தது. கிழிந்த வலையை மடியில் போட்டிருந்த பெரியம்மாவும்தான். அப்புறம், மகனுக்காகத் தாய் கரையில் நிற்கும் காட்சி வந்தது. பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. முந்தானையை எடுத்துக்கொண்டார். மறுநாள் சொன்னார்: "அம்புட்டு வெள்ளைச் சேலையில யாரும் நிக்க மாட்டா. ஆனா நின்னது நெசம்."

காட்டுவதை ஏற்பவர், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுபவர், எதிர்த்து வாசிப்பவர் என மூன்று நிலைகளை 1973-இல் ஸ்டூவர்ட் ஹால் என்ற பண்பாட்டு ஆய்வாளர் சொன்னார். பெரியம்மா ஒருத்தியே ஒரே படத்தில் மூன்றையும் முடித்துவிட்டார்!

சரி, கட்டுரையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. டிவி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு உலகமும் டிவியில் வருகிற மாதிரியே தெரியத் தொடங்கும் என்றார் கெர்ப்னர் என்ற ஊடக ஆய்வாளர். என்னோடு மதுரையில் படித்தவள், கடலே பார்க்காதவள், "உங்க ஊர்ல எல்லாரும் கடத்தல் பண்ணுவாங்களாமே?" என்று கேட்டாள். அவள் படம் பார்த்தபோது பக்கத்தில் எங்கள் மாமா இல்லை.

ஒரு விடுமுறையில் ஊருக்குக் கூட்டி வந்தேன். கருவாடு காயும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதை எந்தப் படத்திலும் காட்டலையேடி" என்றாள்.

ஒரு வாசகி,
தங்கச்சிமடம்